ஆடியில் பிறந்த முகவரி

ஒருவன் நம்மை நினைத்துக்கொண்டிருக்கிறானா என்று தெரிந்துகொள்ள எங்கள் பக்கம் பல வழிகள் உண்டு. விக்கல் வந்தால் போதும் என்பார்கள். கண் துடித்தாலும் போதும். எனக்கு விக்கலிலும் நம்பிக்கை இல்லை, கண் துடிப்பிலும் இல்லை. நான் ஏழு வருஷம் ஒரு டொமைனின் காலாவதித் தேதியைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். அந்தத் தேதி ஒரு வருஷம் தள்ளிப் போயிருந்தால், என்னோடு பேச்சு அற்றுப்போன நண்பனுக்கு என் நினைப்பு இன்னும் இருக்கிறது என்று அர்த்தம். அப்படித்தான் வைத்திருந்தேன்.

விவரம் தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். இணையத்தில் டொமைன் என்ற வெப்சைட் பெயரை வாங்கினால், அது என்றைக்குப் பதிவானது, என்றைக்கு முடிகிறது, யார் பேரில் இருக்கிறது என்பதெல்லாம் ஒரு பொதுப் பதிவில் ஏறிவிடும். அப்போதெல்லாம் பெயரைத் தட்டினால் எல்லா விவரமும் திறந்து கிடக்கும். யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். பார்த்தவன் யார் என்று உடைமைக்காரனுக்கும் தெரியாது. ரோஷக்காரனுக்கு இதைவிட வசதியான ஏற்பாடு வேறு கிடையாது.

இரண்டாயிரத்தின் தொடக்க வருஷங்களில் நான் மதுரை ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு லாட்ஜின் மாடியில் இருந்த பிரவுசிங் சென்டரில் வேலை பார்த்தேன். பிளைவுட் தடுப்புகள், புழுக்கம், கீழேயிருந்து விடாமல் வரும் ஹாரன் சத்தம். உசிலம்பட்டியிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து போவேன். என்னோடு கல்லூரியில் படித்த நண்பன் அநேகமாகத் தினமும் அங்கே வந்துவிடுவான். மஹால் பக்கத்துச் சந்தில் அவன் அப்பாவுக்குச் சுங்குடிச் சேலைக் கடை. சௌராஷ்டிரக் குடும்பம். கடையில் அப்பாவுக்கு எதிரே உட்கார்ந்து பிரித்த சேலைகளை மடித்துக்கொண்டிருப்பதைவிட எங்கள் சென்டரின் புழுக்கமே அவனுக்குத் தேவலையாக இருந்தது.

மாடிப்படி பஸ் ஸ்டாண்டைப் பார்த்து இருந்ததால், இன்டர்நெட் பார்க்க வருகிறவர்களைவிட பஸ் விசாரிக்க வருகிறவர்கள் அதிகம். தேனி பஸ் எப்போது, திண்டுக்கல் பஸ் போய்விட்டதா, இந்த வண்டி சமயநல்லூரில் நிற்குமா. ஒருநாள் நண்பன் எரிச்சலில் சொன்னான்: "மாப்ள, இம்புட்டையும் நெட்டுல ஏத்தி விட்ருவோம். பெறகு நம்மளக் கேக்க மாட்டாய்ங்கல்ல."

இப்படித்தான் எங்கள் பஸ் நேர வெப்சைட் தொடங்கியது. டைம் கீப்பரிடமும் டிரைவர்களிடமும் கேட்டுக் கேட்டு நேரங்களைச் சேகரித்தோம். டீ வாங்கிக் கொடுத்தால் கண்டக்டர்கள் உண்மையைச் சொல்வார்கள். சமயநல்லூருக்கு மட்டும் தனிக் கட்டம் போட்டோம்: நிற்கும், நிற்காது, சொன்னால் நிற்கும். மூன்றாவதுதான் அதிகம். தமிழ் எழுத்து எல்லா கம்ப்யூட்டரிலும் தெரியாது என்பதால் முழுப் பட்டியலையும் படமாக மாற்றிவைத்தோம். ஆரப்பாளையத்தில் பஸ் ஏறுகிறவனிடம் இன்டர்நெட் இருக்காது, இன்டர்நெட் இருக்கிறவன் பைக்கில் போவான் என்று எங்கள் ஓனர் சிரித்தார். சரியான பேச்சுதான். ஆனால் அந்த வயதில் சரியான பேச்சை யார் கேட்டார்கள்?

பெயர் வாங்க வெளிநாட்டில் செல்லுபடியாகும் கிரெடிட் கார்டு வேண்டும். எங்களுக்குத் தெரிந்த வட்டத்தில் அப்படிப்பட்ட கார்டு வைத்திருந்த ஒரே ஆள் நண்பனின் அப்பா. வடக்கே சரக்கு எடுக்கப் போகும்போது ஆகும் என்று வாங்கி, இரும்புப் பெட்டியில் சாமி படத்துக்குப் பின்னால் வைத்திருந்தார். கேட்டதும் மறுக்கவில்லை. ஆனால் அப்போது ஆடி மாதம்.

"ஆடியில எதையும் தொடங்கப்படாது தம்பி. ஆவணி மொதத் தேதி, பிரம்ம முகூர்த்தத்துல பண்ணுங்க. நல்ல நேரத்துல பொறக்கட்டும்," என்றார்.

இவர் ஆடித் தள்ளுபடியில் ஊருக்கெல்லாம் சேலை விற்பார். தன் வீட்டுக்கு ஒரு கரண்டிகூட வாங்க மாட்டார். நண்பன் முனகினான். எனக்கு அவர் சொன்னது பிடித்திருந்தது. எங்கள் பஸ் நேரப் பட்டியலை ஒரு பிள்ளைக்குச் சமமாக நினைத்துப் பேசிய ஒரே ஆள் அவர்தான். கார்டு அவர் பேரில் இருந்ததால் டொமைனையும் அவர் பேரில்தான் பதிய வேண்டியிருந்தது. ஆவணிக்கு முந்தின நாள் சாயங்காலம் கார்டுக்குக் குங்குமம் வைத்து எங்களிடம் தந்தார். குங்குமம் எண் மேலேயே விழுந்திருந்ததால் அதைத் துடைத்துத்தான் படிக்க முடிந்தது.

அன்றைக்கு நான் ஊருக்குப் போகாமல் சென்டரிலேயே படுத்துக்கொண்டேன். விடிவதற்கு முன் நண்பன் குளித்து, நாமம் போட்டு, ஈரத்தலையோடு வந்தான். டயல்-அப் இரண்டு முறை அறுந்து மூன்றாவது முறை ஒட்டிக்கொண்டது. அவன் விவரங்களை நிரப்பினான், நான் கடைசிப் பொத்தானை அழுத்தினேன். முகூர்த்தம் தப்பவில்லை. கீழே இறங்கிப் போய் முதல் பாலில் போட்ட டீ குடித்தோம். தேனி வண்டி உறுமிக்கொண்டு நின்றது. எங்கள் பட்டியலில் இருக்கும் நேரத்துக்கே அது கிளம்பியதைப் பார்த்து, ஏதோ நாங்கள் கிளப்பிவிட்டதைப் போலப் பெருமைப்பட்டோம். என் வாழ்க்கையில் அதைவிட நல்ல காலை நேரங்கள் வந்திருக்கலாம். எதுவும் இப்போது நினைவுக்கு வரவில்லை.

சில நாள் கழித்து அவன் அப்பா சென்டருக்கே வந்தார். பிள்ளை பிறந்ததுக்கு அத்தாட்சி பார்க்க வேண்டுமாம். நான் உற்சாகமாகப் பதிவு விவரத்தைத் திறந்து காட்டினேன்.

"இத யார் வேணும்னாலும் எப்ப வேணும்னாலும் பாக்கலாம்ப்பா. அமெரிக்கால இருக்குறவன்கூட ஒங்க பேரப் படிக்கலாம்," என்றேன்.

தன் பெயரை இங்கிலீஷில் இரண்டு தரம் வாசித்தார். முகம் மலர்ந்தது. முடிகிற தேதியைப் பார்த்ததும் கொஞ்சம் சுருங்கியது.

"என்னய்யா, பொறக்கும்போதே முடியிற தேதியும் எழுதிட்டான்?"

"வருஷா வருஷம் புதுப்பிச்சா தள்ளிப் போயிரும்ப்பா."

"அப்ப எமன்கிட்டயே வாய்தா வாங்கலாங்கிற." சிரித்துக்கொண்டே பிறந்த தேதிக்கு வந்தார். அங்கே நின்றுவிட்டார்.

எங்கள் சென்டரில் நாள் காலண்டரில் கிழித்த தாள்களை, பின்பக்கம் எழுத ஆகும் என்று ஒரு கம்பியில் குத்தி வைத்திருப்போம். எழுந்துபோய் அந்தக் கம்பியிலிருந்து ஒரு தாளை உருவிக்கொண்டு வந்தார். ஸ்கிரீனில் இருந்த அதே இங்கிலீஷ் தேதி. அதற்குக் கீழே ஆடி மாதத்தின் கடைசி நாள்.

அந்தப் பதிவு லண்டன் கடிகாரத்தில் ஓடுவது. நமக்கு ஆவணி பிறந்து விடியப்போகும் நேரத்தில் அங்கே முந்தின நாள் ராத்திரி. அவர்கள் கணக்கில் எங்கள் பிள்ளை ஒரு நாள் முன்னாலேயே, ஆடியிலேயே பிறந்துவிட்டது. முகூர்த்தம் பார்த்து டொமைன் வாங்கும் யோசனை உலகத்தில் எங்களைத் தவிர வேறு யாருக்கும் வந்திருக்காது. வந்திருந்தால் இந்தக் கோளாறு முன்பே தெரிந்திருக்கும். நண்பன் பூமி சுற்றுவதிலிருந்து தொடங்கி விளக்கிப் பார்த்தான். அவர் கேட்பதாக இல்லை.

"நான் என்ன லண்டன்லயா கடை வச்சிருக்கேன்? எம் பேருல ஆடியில ஒண்ணப் பொறக்க வச்சிட்டு கதையாடா சொல்ற?"

அவர் குரல் உயர உயர, நண்பன் தமிழை விட்டுவிட்டு வீட்டில் பேசும் சௌராஷ்டிரப் பாஷைக்கு மாறினான். அப்பாவைச் சமாதானப்படுத்தும்போது அப்படித்தான் மாறுவான். என் முகத்துக்கு நேரே, என்னைப் பார்த்துக்கொண்டே அவன் சொன்னது இதுதான்: விடியற்காலையில் லைன் கிடைக்காது என்று பயந்து இவன் முந்தின நாள் சாயங்காலமே தனியாக முடித்துவிட்டான், எனக்கே இப்போதுதான் தெரியும், வெளி ஆளிடம் விட்டது என் தப்பு.

அவர்கள் வீட்டில் நான் சாப்பிட்ட சாப்பாட்டுக்குக் கணக்கு கிடையாது. சாப்பிட்ட வாயில் பாஷை ஒட்டாமலா போகும்? பேச வராது, ஆனால் ஒரு சொல் விடாமல் புரியும். அது நண்பனுக்குத் தெரியாது. நானும் சொல்லிக்கொண்டதில்லை, அவன் அம்மா என்னைப் பற்றி நல்லதாகச் சொல்வதைக் கேட்டு உள்ளுக்குள் சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தேன்.

பொய் சொன்னது பெரிதில்லை. அப்பா கோபத்திலிருந்து தப்பிக்கப் பொய் சொல்லாத மகன் எந்த வீட்டில் இருக்கிறான்? 'வெளி ஆள்' என்ற சொல்தான் சுட்டது. ஈரத்தலையோடு டீ குடித்த காலைக்கு இதுவா மரியாதை? புழுக்கத்துக்குக் கழற்றி வைத்திருந்த சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினேன். பின்னாலிருந்து அவன், "மாப்ள, எங்க போற?" என்றான். அவன் அப்பா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். படியிறங்கி, நின்றுகொண்டிருந்த உசிலம்பட்டி வண்டியில் ஏறிவிட்டேன்.

என் கோபம் கொஞ்சம் நீளம். அந்த வேலையை விட்டு சமயநல்லூரில் ஒரு கம்ப்யூட்டர் சென்டருக்குப் போனேன். பழைய ஓனர் மூலம் அவன் சொல்லி அனுப்பினான், நான் அசையவில்லை. பிறகு அவன் சிங்கப்பூர் போய்விட்டான் என்று கேள்விப்பட்டேன். கேள்விப்பட்ட அன்றைக்குத்தான் கோபம் இறங்கியது. நம் கோபம் எப்போதும் வண்டி போன பிறகுதான் இறங்கும்.

முதல் வருஷம் முடிகிற ஆடியில் சும்மா அந்தப் பெயரைத் தட்டிப் பார்த்தேன். பஸ் பட்டியல் இருந்த பக்கத்தைக் காணோம். அதை ஒரு கம்பெனி இணையத்தில் ஓசியாகக் கொடுத்த இடத்தில் வைத்திருந்தோம், அந்தக் கம்பெனியே இல்லாமல் போயிருந்தது. ஆனால் பெயர் உயிரோடு இருந்தது. காலாவதித் தேதி ஒரு வருஷம் தள்ளிப் போயிருந்தது. பேர் அவன் அப்பா பேர்தான், அது கார்டுக்காகப் போட்டது. புதுப்பித்தவன் அவன்தான் என்பதில் எனக்குச் சந்தேகமே வரவில்லை. பக்கமே இல்லாத பெயரை ஒருவன் எதற்குக் கட்டிக் காப்பாற்ற வேண்டும்? எனக்காகத்தான். அன்றைக்கு முழுக்க மனசு லேசாக இருந்தது. அவனாக நேரே பேசட்டும், பிறகு பார்க்கலாம் என்று ரோஷம் மட்டும் மிச்சம் இருந்தது.

ஆடிக்கொரு தரம் அமாவாசைக்கொரு தரம் என்பார்கள். எனக்கு ஆடிக்கொரு தரம்தான், அமாவாசை கிடையாது. ஆடி பிறந்ததும் அந்தப் பெயரைத் தட்டுவேன். ஆனி மாதத்திலேயே புதுப்பித்தாகியிருக்கும். ஒவ்வொரு வருஷமும் அது அவன் என் தோளில் கை போடுகிற மாதிரி இருந்தது.

இந்தப் பழக்கம் வேறு காரியத்துக்கும் உதவியது. ஊரில் என் சித்தப்பா மாடு வாங்கி விற்பவர். அவர் மகனுக்கு வெளிநாட்டு வேலை வாங்கித் தருவதாக ஓர் ஏஜென்சி ஆரப்பாளையத்தில் லாட்ஜ் ரூம் போட்டு உட்கார்ந்திருந்தது. வெப்சைட்டில் கால் நூற்றாண்டு அனுபவம் என்று போட்டிருந்தார்கள். பதிவைத் திறந்தால் பெயர் பிறந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. காலாவதியும் சரியாக ஒரே வருஷம். சித்தப்பா ஸ்கிரீனைக் குனிந்து பார்த்தார்.

"மாட்டு வயசுக்குப் பல்லப் புடிச்சுப் பாக்குற மாதிரி. அம்புட்டுத்தான? கன்னுக்குட்டிய காளைன்னு விக்க வந்திருக்காய்ங்க," என்று எழுந்து போய்விட்டார். உசிலம்பட்டிச் சந்தையில் அதற்குப் பிறகு என் பெயரே பல் பார்ப்பவன் என்றானது. மற்றவர்கள் டொமைனுக்கெல்லாம் பல் பார்த்துச் சொன்ன எனக்கு, என் கைக்குள் இருந்த பதிவைச் சரியாகப் படிக்கத் தெரியவில்லை.

ஏழாவது வருஷம் ஆடி பிறந்து பார்த்தேன். தேதி மாறவில்லை. பரவாயில்லை, மறந்திருப்பான் என்று ஒரு வாரம் விட்டுப் பார்த்தேன். மாறவில்லை. ஆடிப் பெருக்கும் வந்து போனது. விட்டால் இன்னும் சில நாளில் பெயர் காலாவதியாகும், பிறகு எவனாவது தூக்கிக்கொண்டு போவான். அதுகூடப் பெரிதில்லை. அவனுக்கு ஏதாவது ஆகிவிட்டதா, அல்லது ஒருவழியாக என்னை மறந்தேவிட்டானா? இரண்டில் எது என்று தெரியாமல் சாப்பாடு இறங்கவில்லை. ஏழு வருஷமாகக் கால் வைக்காத மஹால் சந்துக்குப் போனேன்.

அவன் அப்பா கடையை ஒட்டிய வீட்டின் கூடத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கண்ணில் பெரிய கறுப்புக் கண்ணாடி. புரை ஆபரேஷன் ஆகியிருக்கிறது என்று பார்த்ததும் தெரிந்தது. "யாரு?" என்றார். ஊர்ப் பெயரைச் சொன்னேன். குரலை வைத்தே கண்டுகொண்டு, "வா தம்பி, ஒக்காரு," என்றார், நேற்று வந்து போனவனிடம் சொல்வதுபோல. மகன் சிங்கப்பூரில் நன்றாக இருக்கிறான், கல்யாணமாகிக் குழந்தையும் இருக்கிறது என்றார். எனக்கு நெஞ்சில் இருந்த பாரம் பாதி இறங்கியது. மீதி இறங்குவதற்குள் அவரே அவனுக்கு போன் போட்டு என் கையில் கொடுத்துவிட்டார்.

"மாப்ள, எங்கடா போன இம்புட்டு வருஷமா?" அதே குரல். கொஞ்சம்கூட மாறவில்லை. ஊர், குழந்தை, ஓனர் என்று எல்லாம் விசாரித்தான். நான் மெல்ல, "டொமைன இந்த வருஷம் புதுப்பிக்கலையா மாப்ள?" என்றேன்.

"எந்த டொமைன்?"

"பஸ் டைம்."

கொஞ்ச நேரம் யோசித்தான். பிறகு சிரித்தான். "ஏய், அது இன்னுமா இருக்கு?"

நடிக்கவில்லை. அவனுக்கு நிஜமாகவே தெரியாது. நான் எதற்காக அன்றைக்குப் படியிறங்கிப் போனேன் என்பதுகூட அவனுக்குத் தெரியாது. இத்தனை வருஷம் ஆடிக்கு ஆடி நான் மகிழ்ந்ததெல்லாம் என்ன என்று யோசிக்கும்போது வெட்கமாகவும் இருந்தது, அழுகையாகவும் வந்தது. ஊருக்கு வரும்போது பார்க்கலாம் என்று சொல்லி போனைத் திருப்பிக் கொடுத்தேன்.

அவன் அப்பா போனை மடியில் வைத்துக்கொண்டார்.

"கண்ணு ஆபரேஷன்னு கம்ப்யூட்டர் முன்னால ஒக்கார முடியல. அதான் இந்த வருஷம் விட்டுப்போச்சு," என்றார்.

எனக்கு முதலில் பிடிபடவில்லை.

"நான்தான் கட்டிக்கிட்டு இருந்தேன். வருஷா வருஷம் கடை மெயிலுக்கு முடியப்போகுதுன்னு சேதி வரும். பாஸ்வேர்டு அவன் வச்சிட்டுப் போனதுதான்."

"பக்கமே இல்லையேப்பா. எதுக்குக் கட்டுனீங்க?"

கறுப்புக் கண்ணாடிக்குள் அவர் எங்கே பார்க்கிறார் என்று தெரியவில்லை.

"அன்னைக்கு எங்க பாஷைல அவன் பேசுனது ஒனக்குப் புரிஞ்சுச்சு. அவனுக்குத் தெரியல, எனக்கு ஒம் முகத்துலயே தெரிஞ்சுச்சு. ஆனா அவன் சொன்னத நம்பிட்டேன். ஏமாத்துனவன்தான் மூஞ்சியத் தூக்கிட்டுப் போறான்னு நெனச்சேன். அடுத்த வருஷமே எந் தம்பி மகளுக்கு லண்டன்ல பிரசவம். இங்க சனிக்கெழம காலையில நாலு மணி, அங்க வெள்ளிக்கெழம பொறந்துச்சுங்குறாங்க. நச்சத்திரம் குறிக்க ஒக்காந்தவன் அப்படியே பேனாவ வச்சிட்டேன். அப்பத்தான் ஒம் மூஞ்சி ஞாபகம் வந்துச்சு." கறுப்புக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். "பெரிய மனுசன் வந்து எப்படிச் சொல்றது? நீதான சொன்ன, யார் வேணும்னாலும் பாக்கலாம்னு. நீ பாப்பேன்னு தெரியும். ஆடியில பொறந்தாலும் கெழவன் அதச் சாக விடலன்னு ஒனக்குத் தெரிஞ்சாப் போதும்னு இருந்தேன்."

ஆறு வருஷமாக ஒருவர் வருஷம் தவறாமல் என்னிடம் வருத்தம் தெரிவித்திருக்கிறார். வந்து சேர்ந்ததெல்லாம் எனக்கான சேதிதான். அனுப்பியவர் பெயரும் அதிலேயே எழுதியிருந்தது. நான்தான் வேறு ஆள் பெயரை மனசுக்குள் போட்டு வாசித்துக்கொண்டிருந்தேன்.

மாடியில் மகன் வாங்கிப் போட்ட கம்ப்யூட்டர் இருக்கிறது என்றார். கையைப் பிடித்து மேலே கூட்டிப்போனேன். கார்டை அவரே எடுத்துத் தந்தார். பக்கம் திறந்ததும், எத்தனை வருஷத்துக்கு என்று கேட்கும் இடத்தில் நின்றேன்.

"எம்புட்டு வருஷம் வரைக்கும் போடலாம்?" என்றார்.

"மொத்தமா பத்து வருஷத்துக்குப் போட்றலாம்ப்பா. பெறகு ஒங்களுக்கு இந்த அலைச்சலே இருக்காது."

தலையை ஆட்டினார்.

"பத்து வேணாம். ஒண்ணே போடு. அடுத்த வருஷமும் நீ வரணும்ல."